அம்மா திருத்திய மரண அறிவித்தல்

அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்து தன்னுடைய மரண அறிவித்தலைத் திருத்திக்கொண்டிருந்தார்.

காலை பத்து மணி இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி வீட்டுக்குள் ரயில் சத்தமும் கடலின் உப்புப் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. அம்மாவின் கையில் சிவப்புப் பேனை. பக்கத்தில் பால் விடாத பிளேன் ரீ, ஆறிப்போய். மூக்குக் கண்ணாடிக் காம்பில் ஒரு பக்கம் நூல் சுற்றியிருந்தது.

"'இறைவனடி சேர்ந்தார்' எண்டு எழுதியிருக்கிறாய். 'சிவபதம் அடைந்தார்' எண்டு மாத்து," என்றார்.

எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பது போன பிறகுதானே தெரியும், இப்போதே எப்படி உறுதியாக எழுதுவது என்று கேட்டேன். அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் முப்பத்திரண்டு வருடம் அந்தப் பார்வையாலேயே தமிழ் படிப்பித்தவர். நான் மாற்றினேன்.

அம்மாவுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கொஞ்சம் பிரஷர், முழங்கால் நோ, அவ்வளவுதான். போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் பில்டிங் லிப்ட் மாதக்கணக்காகப் படுத்துக் கிடப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, தன்னுடைய முழங்காலை விட்டுவிட்டாய் என்று குறைப்பட்டதும் அவர்தான். இந்த வாரம் சேர்த்திருக்கிறேன்.

பட்டியலும் அடைப்புக்குறியும்

நம்மவர்களுடைய மரண அறிவித்தலில் செத்தவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். மிச்சமெல்லாம் உயிரோடிருப்பவர்களின் பட்டியல். இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும் என்று அது ரயில் பெட்டி போல நீளும்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அடைப்புக்குறி. (கனடா), (லண்டன்), (சிட்னி). காலையில் பேப்பர் விரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அடைப்புக்குறிதான் சான்றிதழ்.

என் அக்கா ரஞ்சினி, (கனடா). நான், (வெள்ளவத்தை). கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்ததுதான் என்னுடைய புலம்பெயர்வு.

எங்கள் இருவருக்கும் மூத்தவர் அண்ணா. ஊரே ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலத்தில், கோயில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இந்தியாவுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. காசியில் காவி கட்டிக்கொண்டார். ஏஜென்சி இல்லாமலே போய் நிரந்தர வதிவிடம் எடுத்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான்.

அவருக்கு ஒரு பழைய பெயரும் ஒரு புதிய பெயரும் உண்டு. இரண்டையும் இந்தத் தொடரில் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்பா இறந்தபோது அறிவித்தலை எழுதியவர் பெரியப்பா. பிள்ளைகள் இரண்டு பேர் என்று எழுதினார். சன்னியாசிக்குக் குடும்பம் இல்லை, எனவே குடும்பத்தில் சன்னியாசி இல்லை என்பது அவருடைய சட்டம். அந்த நாட்களில் நான் ஒரு பத்திரிகையில் புரூப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அறிவித்தல் சுற்றிவந்து என் மேசையிலேயே விழுந்தது. வாசித்தேன். ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தேன். அண்ணாவின் பெயரைச் சேர்க்கவில்லை.

பெரியப்பாவுக்குப் பயந்து விட்டுவிட்டேன் என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். அப்பாவின் கடைசி மாதங்களில் அவரைத் தூக்கிக் குளிக்க வார்த்தது நான். அண்ணா காசியில் கங்கையில் குளித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபம். பழிவாங்க என் கையில் இருந்த ஒரே ஆயுதம் புரூப் பேனை.

அம்மா அந்தப் பேப்பரை எடுத்தார். அறிவித்தலை வெட்டி ஒரு பைலில் வைத்தார். அடுத்த வருடம் அப்பாவின் ஆட்டைத் திவசத்தன்று ஏதோ பத்திரம் தேடி அந்த பைலைத் திறந்தபோது பார்த்தேன். எங்கள் இரண்டு பெயர்களுக்கும் முன்னால் சிவப்பு மையில் சின்னதாக ஒரு கூரைக் குறி. பிள்ளைகளின் கட்டுரையில் சொல் விடுபட்டால் அம்மா போடுகிற குறி அது. நான் பைலை மூடி வைத்தேன்.

இப்போது தன்னுடையதைத் தானே எழுதப் புறப்பட்டதற்குக் காரணம் அதுதான். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அம்மா யாரையும் நம்பத் தயாரில்லை.

பிள்ளைகள் என்ற இடத்தில் முதலாவதாக அண்ணாவின் பழைய பெயரை எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதற்கு மேலே புதிய பெயரை எழுதி இன்னொரு கேள்விக்குறி.

"எந்தப் பேரைப் போடுறதெண்டு அவனைக் கேட்டுக்கொண்டு வா," என்றார்.

மடத்துக்குப் போன் எடுத்துக் கேட்கலாமே என்றேன். அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"தாய் செத்தா உன்ரை பேரைப் போடட்டோ எண்டு போனிலையோ கேக்கிறது? நேரை போய்க் கேள். என்ரையிலை அவன் விடுபடக் கூடாது."

மிளகாய்த்தூளும் குரங்குத் தொப்பியும்

அம்மா எனக்குப் பெட்டி கட்டிய முறையில் காசிக்கும் கனடாவுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, மூன்று பொலித்தீன் பை போட்டு, வாயை நூலால் கட்டி. காசிக் குளிருக்கு ஒரு குரங்குத் தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே, தன் கையெழுத்தில் திரும்ப எழுதிய அறிவித்தல், பிளாஸ்டிக் உறைக்குள்.

ஆசையைத் துறந்தவருக்கு மிளகாய்த்தூள் எதற்கு என்று என் மனைவி சுகந்தி மெதுவாகக் கேட்டாள். ஆசையைத்தானே துறந்தவன், நாக்கையோ என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

விமானம் முழுவதும் வெள்ளை உடுப்பு. புத்தர் முதன்முதலில் போதித்த சாரநாத் காசிக்குப் பக்கத்தில் இருப்பதால் சிங்கள யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். எனக்குப் பக்கத்தில் கொலன்னாவையிலிருந்து வந்த சோமா அக்கா என்ற ஓய்வுபெற்ற தாதி. ஐயா சாரநாத்துக்கா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, காசியில் என் அண்ணா சுவாமியாக இருக்கிறார், பார்க்கப் போகிறேன் என்றேன்.

அவர் சட்டென்று எனக்கே ஒரு கும்பிடு போட்டார். தன் இளைய மகனும் பிக்குவாம். மாதம் ஒருமுறை குடும்பமே சாப்பாடு சமைத்து விகாரைக்கு எடுத்துப்போய், தான் பெற்ற பிள்ளையைத் தானே விழுந்து வணங்குமாம். பெயர் போய்விட்டதே, கவலையில்லையா என்று கேட்டேன். வைத்த பெயர் போனால் போகட்டும், அவர்களுடைய வழக்கப்படி புதுப் பெயருக்கு முன்னால் பிறந்த கிராமத்தின் பெயர் வரும், எங்கே போனாலும் எங்கள் ஊர் அவனோடு போகும் என்றார். சொல்லும்போது முகம் பூரித்துப்போயிருந்தது.

எங்கள் வீட்டில் சன்னியாசியைப் பற்றி முப்பது வருடம் குசுகுசுத்தோமே தவிர, ஒருநாளும் இப்படிப் பூரித்ததில்லை. யாராவது விசாரித்தால் 'இந்தியாவில் இருக்கிறார்' என்போம். கேட்டவர்கள் சென்னையில் பிஸினஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்தமாட்டோம்.

ஊரைக் கேட்ட பிழை

காசியில் பனி. ஆறு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. குரங்குத் தொப்பியை நானே போட்டுக்கொண்டேன்.

அண்ணாவின் கடைசிக் கடிதம் வந்த மடத்துக்கு முதலில் போனேன். பளிங்குத் தரை, கண்காணிப்புக் கமெரா, செருப்புக்கு டோக்கன். வாசலில் இருந்த மனேஜர் ஹிந்தியில் யார் வேண்டும் என்றார். என்னுடைய ஹிந்தி முழுவதும் பழைய சினிமாப் பாட்டில் கற்றது. அதில் காதலிக்கலாம், விலாசம் விசாரிக்க முடியாது. பதற்றத்தில் அண்ணாவின் பழைய பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார். புதிய பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்து போயிருக்கிறார்களாம். எந்தச் சுவாமி என்று கேட்டார். இடது புருவத்தில் தழும்பு என்று சைகையில் காட்டினேன். கரம்போர்ட் விளையாடும்போது நான் போட்ட தழும்பு. அதை மட்டும் பெருமையோடு காட்டினேன். மனேஜர் ஒரு துண்டில் வேறொரு மடத்தின் பெயரை எழுதித் தந்தார்.

அந்த மடத்துக்குப் போகும் சந்தில் என் தோள் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டது. எதிரே ஒரு மாடு வந்தது. யார் பின்வாங்குவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

இடிந்த முற்றம், ஒரு வேப்பமரம், மூன்று சாமியார்கள். அதில் மூத்தவர் தமிழில் "வாங்க" என்றார். மதுரைப் பக்கத்துத் தமிழ். மூன்று நாளாகத் தமிழ் கேட்காத காதுக்கு அது வெந்நீர் வார்த்ததுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நம்மவர்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற முதல் கேள்வியை நானும் கேட்டுவிட்டேன்.

"சுவாமிக்கு ஊரிலை எவடம்?"

மற்ற இரண்டு சாமியார்களுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் கேள்வி விளங்கிவிட்டது. ஒருவர் ஜெபமாலையை நிறுத்தினார்.

மூத்தவர் கோபிக்கவில்லை. "அதை விட்டுட்டுத்தான் இங்க வந்தோம். இதுக்கடுத்து யாரோட பிள்ளைன்னு கேப்பீங்க, இல்ல?" என்றார்.

கேட்கத்தான் வாயைத் திறந்திருந்தேன். மூடினேன்.

அவர் இருக்கச் சொல்லி, சுடச்சுடப் பால் தந்து, விளக்கினார். துறவு வாங்குகிற அன்று தனக்குத் தானே எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கருமாதி செய்துவிடுவார்களாம். அதோடு பழைய ஆள் முடிந்தான். அவனுடைய ஊரையும் பேரையும் கேட்பது சுடலையில் போய் விலாசம் விசாரிப்பதுபோல. பெற்ற தகப்பன் எதிரே வந்தாலும் தகப்பன்தான் கும்பிடவேண்டும், துறவி கும்பிடமாட்டான்.

"ஒரே ஒருத்தருக்கு விலக்கு. பெத்த தாய் வந்தா மட்டும் துறவிதான் விழுந்து கும்பிடணும். அந்தக் கடனை மட்டும் எந்தச் சாஸ்திரமும் தள்ளுபடி பண்ணல," என்றார்.

பிறகு நான் புருவத்தைத் தொட்டுக் காட்டியதும், தழும்புச் சுவாமி மூன்று சந்து தள்ளி ஒரு சின்ன மடத்தில் சமையல் களஞ்சியம் பார்ப்பதாகச் சொல்லி, வழியும் சொன்னார்.

பருப்பில் கல்

அண்ணா நிலத்தில் சாக்கு விரித்து, ஒரு பெரிய தாம்பாளத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையில் நரைத்த முள். புருவத்தில் என் கைவேலை.

வரும் வழியெல்லாம் "சுவாமி" என்று கூப்பிட ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது "அண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாம்பாளத்தை என் பக்கம் கொஞ்சம் தள்ளினார். நான் எதிரே சப்பணம் கட்டி இருந்தேன். என் முழங்கால் போட்ட சத்தம் அந்த மடத்தில் அன்று எழுந்த பெரிய சத்தமாக இருந்திருக்கும். நானும் கல் பொறுக்கத் தொடங்கினேன்.

"லிப்ட் வேலை செய்யுதோ?" என்று கேட்டார்.

முப்பது வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அம்மா நாலாம் மாடி என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம். இல்லை, பழுது என்றேன். அம்மா எப்படிக் கோயிலுக்குப் போகிறார் என்றார். கதிரையில் வைத்து இரண்டு பேர் இறக்குகிறோம் என்றேன். தலையாட்டிவிட்டு ஒரு கல்லை எடுத்துத் தனியே வைத்தார். ஹிந்தி பேசிப் பேசி அவருடைய குரல் மாறியிருந்தது. தமிழ் மாறவில்லை. அது நாங்கள் கொட்டாஞ்சேனையில் கதைத்த தமிழ், அன்று விட்ட இடத்திலேயே நின்றது.

மிளகாய்த்தூளைக் கொடுத்தேன். மூன்று பைகளின் நூலையும் அவிழ்த்தார். மணந்தார். மறுபடி மூன்று நூலையும் கட்டினார். எழுந்துபோய்க் களஞ்சியத்தில் மல்லித்தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து இருந்தார்.

அதன் பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். எந்தப் பெயர்?

"பழைய பேர்க்காரனுக்கு நானே எள்ளும் தண்ணியும் இறைச்சாச்சு. அவனைப் போடுறதெண்டா 'காலஞ்சென்ற' எண்டு முன்னுக்குப் போடவேணும். அம்மா வாசிக்கிற தாளிலை அப்பிடி எழுதுவியே?"

"மாட்டன்."

"புதுப் பேருக்குக் குரு இருக்கிறார். தாய் தகப்பன் இல்லை. அதைப் போட்டா அது பொய்."

"அப்ப விட்டிடச் சொல்லுறியளோ? அப்பாவின்ரையிலை விட்டமாதிரி?"

அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "அதை ஆரோ யாத்திரை வந்தவை கொண்டுவந்து காட்டினவை. நீதானே புரூப் பாத்தனி?"

"ஓம்."

"சரியாத்தான் இருந்தது. பிழை ஒண்டும் இல்லை."

இது மன்னிப்பா, பரீட்சை முடிவா என்று எனக்கு விளங்கவில்லை. மன்னிப்பதற்கும் கோபம் வேண்டும். அது அவரிடம் இல்லை என்பது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. பெயர் இல்லாததைக் கண்டும் கோபத்தில்தான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவைக் குளிக்க வார்த்ததையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதலும் சொல்லவில்லை, தத்துவமும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் நன்றி.

பிளாஸ்டிக் உறையைத் திறந்து அம்மாவின் தாளைக் கொடுத்தேன். அவர் கையைக் காவித் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்தச் சாய்ந்த கையெழுத்தை மேலிருந்து கீழ்வரை மெதுவாக வாசித்தார். தன் இரண்டு பெயர்களுக்கும் பக்கத்திலிருந்த கேள்விக்குறிகளில் விரல் கொஞ்சம் நின்றது.

பிறகு அந்தத் தாளைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நான் பருப்புத் தாம்பாளத்தை இழுத்து இடம் விட்டேன்.

எழுந்து தாளை மடித்து என்னிடம் தந்தார். "பேர் வேண்டாம் எண்டு சொல்லு," என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வாசல்வரை வந்து, சந்தில் மாடு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்றும் சொல்லித் தந்தார்.

சிவப்புப் பேனை

வெள்ளவத்தைக்கு வந்து, நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பழைய பெயர் ஏன் கூடாது, புதிய பெயர் ஏன் கூடாது. மதுரைத் தமிழ்ச் சுவாமியைச் சொன்னேன். சோமா அக்காவையும், அவருடைய மகன் பெயரோடு ஊர் போவதையும் சொன்னேன். தாளுக்கு முன்னால் அண்ணா விழுந்ததை மட்டும் எப்படிச் சொல்வதென்று கடைசிவரை தள்ளிவைத்து, கடைசியில் அதையும் சொன்னேன்.

அம்மா தாளை மேசையில் விரித்தார். ஒரு மூலையில் காசித் தூசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டவில்லை.

"பேர் வேண்டாம் எண்டுதானே சொன்னவன்? ஊர் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே?"

இல்லை என்றேன்.

சிவப்புப் பேனையால் பழைய பெயரை ஒரே கோட்டில் வெட்டினார். புதிய பெயரை வெட்டினார். கேள்விக்குறிகளையும் வெட்டினார். முதலாவது பிள்ளைக்குரிய இடத்தில் கொஞ்சம் வெளி விட்டு எழுதினார்: (காசி). அதன் பிறகு ரஞ்சினி (கனடா), அதன் பிறகு நான். ஆகியோரின் பாசமிகு தாயாரும்.

பேப்பர்க்காரர்கள் பெயர் விடுபட்டுப்போனது என்று நினைப்பார்கள், போன் எடுப்பார்கள், இல்லாவிட்டால் அந்த அடைப்புக்குறியையே தூக்கிவிடுவார்கள் என்றேன். அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொன்னேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் என்னைப் பார்ப்பது அபூர்வம்.

"அதுக்குத்தான் நீ இருக்கிறாய். கொப்பரின்ரை அறிவித்தலை வாசிச்சுப்போட்டுத்தான் விட்டனி எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பெரியப்பா பிழையாப் போட்ட காற்புள்ளியைத் திருத்தினவனுக்குப் பேர் இல்லாதது தெரியாமல் போகுமே?"

பேனையை என் பக்கம் உருட்டிவிட்டார்.

நான் அதை எடுத்து, (காசி) என்பதற்கு நேரே ஓரத்தில், 'பிழையல்ல, இப்படியே போகவும்' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.